கதவுக்குப் புகழாரம்

எங்கள் வீடு முந்நூறு வருடப் பழசு. என் கணவர் எட்கரின் சக்கர நாற்காலி தோட்டத்துக்குப் போக, வாசற்கதவைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருந்தது. இவ்வளவு பழைய வீட்டில் எதை மாற்றவும் ஊர் கவுன்சிலின் அனுமதி வேண்டும். அதற்காக, வீட்டின் பழமை பற்றி அறிக்கை எழுத துவைட் என்ற பழங்கட்டட நிபுணரை அமர்த்தினேன். மனுஷன் அந்தக் கதவு நிலையைப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்து தள்ளிவிட்டார். அதைப் படித்த கவுன்சில், கதவில் கை வைக்கவே கூடாது என்றுவிட்டது.

"வழி பண்ணச் சொன்னா, பாட்டுப் பாடி வச்சிருக்கீங்களே!" என்று கத்தினேன்.

"இருக்கிறதத்தானே எழுதணும், மிஸஸ் ஹாலம்," என்றார் துவைட்.

எட்கர் சிரித்தார். "விடு வினி. என்னைப் பத்தி யாரும் இவ்வளவு ஒசத்தியா எழுதினதில்ல."

தன்னைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போக அவர் சம்மதிக்கவில்லை. ஆப்பிள் மரம் பூத்ததை ஜன்னல் வழியே பார்த்தார். காய்த்ததைப் பார்க்க அவர் இல்லை.

சக்கர நாற்காலியைவிடச் சவப்பெட்டி ஒடுக்கம். அந்தக் கதவில் எங்கும் உரசாமல் போயிற்று.