எலுமிச்சை வட்டம்

நீலம் பூசிச் சுட்ட சோதனை வில்லையின் மேல் இரவெல்லாம் கிடந்த எலுமிச்சைத் துண்டை இரண்டு விரலால் எடுத்தாள். அடியில் நீலத்தைக் காணோம். துண்டு இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளிறி, தொட்டால் சொரசொரவென்றிருந்தது.

பீங்கான் செய்கிறவர்களுக்குப் பழக்கமான சோதனைதான். மேலே பூசுகிற கிளேஸ் சூளையில் நன்றாக உருகிக் கண்ணாடியாகியிருந்தால் எலுமிச்சைப் புளிப்பு அதை ஒன்றும் செய்யாது. அரைவேக்காடாக இருந்தால் அரித்து, உள்ளே இருப்பதை வெளியே இழுத்துவிடும். இந்த நீலத்துக்குள் இருப்பது பேரியம் என்கிற வெள்ளைப் பொடி. எலிக்கு வைக்கிற சரக்கு. கண்ணாடிக்குள் அடைபட்டுக் கிடக்கும்வரை பரம சாது, வெளியே வந்தால் நஞ்சு.

மறுபடி அதே நீலத்தை ஒரு வாளி கலக்கலாம் என்றுதான் மிச்சம் கிடந்த அந்த வில்லையை நேற்று தேடி எடுத்தாள். அது அடித்தட்டில் வெந்த வில்லை. சூளையின் பார்வைத் துளை மேல்தட்டுக்கு நேராக இருந்தது. அங்கே நிறுத்திய மண்கூம்பு சூட்டில் வளைந்ததும், எல்லாம் வெந்தாயிற்று என்று சூளையை அணைத்துவிட்டாள். ஆறிய பிறகு திறந்தால் அடித்தட்டுக் கூம்பு விறைப்பாக நின்றுகொண்டிருந்தது. கீழே போதுமான சூடு வரவில்லை என்று அதற்கு அர்த்தம். கூம்பில்தான் ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள், ஏனென்றால் பக்கத்திலிருந்த கோப்பை அவ்வளவு அழகாக வந்திருந்தது.

அடித்தட்டில் வெந்த கோப்பை அது ஒன்றுதான். அது இப்போது அம்மாவிடம் இருக்கிறது.

அம்மா குறை சொல்லாத பொருள் உலகத்தில் கிடையாது. மகள் செய்த தட்டு கனம், கைப்பிடி கோணல், வெள்ளை போதாது. இவ்வளவு படித்துவிட்டு மண் பிசைகிறாளே என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அங்கலாய்ப்பு வேறு. அப்பேர்ப்பட்டவள் அன்றைக்குப் பட்டறைக்கு வந்து, அந்தக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லாயிருக்குடி. இது எனக்கு" என்றாள். மகளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எலுமிச்சையாவது சோதனையாவது, அந்த நேரத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

அம்மா தினமும் காலையில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடிப்பவள். அது இப்போதுதான் உறைத்தது.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள். அம்மா இருப்பது அண்ணன் வீட்டில்.

"அம்மா எப்படி இருக்கா?"

"படுத்திருக்காங்க. நேத்துலேருந்து வயிறு சரியில்ல. காலும் தள்ளாடுது. வயசாச்சுல்ல."

"அந்த நீலக் கோப்பையிலயா குடிக்கிறா?"

"வேற எதுலயும் குடிக்க மாட்டேங்கிறாங்க. கழுவக்கூட எங்க கையில குடுக்கிறதில்ல."

"அண்ணா, இனிமே அதுல ஒரு சொட்டுகூட ஊத்தாதே. அதுல விஷம் இறங்குது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பு, நான் உடனே வரேன்."

"என்ன உளறுற?" என்றான் அண்ணன். அவன் குரலும் மாறியிருந்தது.

பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தமும் அவள் உயிரை வாங்கியது. ஏறுகிறவர்கள் நிதானமாக ஏறினார்கள், சில்லறையைத் தேடினார்கள். நகத்தடியில் ஒட்டியிருந்த நீலப் பொடியை அவள் சுரண்டிக்கொண்டே வந்தாள். பெற்றவளுக்கு நானே கையால் விஷம் கொடுத்திருக்கிறேன் என்று மனம் திரும்பத் திரும்பச் சொன்னது. வேறு எதையும் அதற்கு நினைக்கத் தெரியவில்லை.

அண்ணன் வாசலில் வண்டியோடு நின்றிருந்தான். "கிளம்ப மாட்டேங்கிறாங்க. கோப்பையை வேற எங்கயோ ஒளிச்சு வச்சுட்டாங்க. நீ புடுங்கிட்டுப் போகத்தான் வர்றியாம்."

அம்மா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் ஒட்டிப்போயிருந்தது. "குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற பழக்கம் எங்க கத்துக்கிட்டே?" என்றாள். குரலில் பழைய காரம் இல்லை.

"கேக்கலம்மா. பாத்துட்டுத் தந்துடறேன்."

நம்பாமல் பார்த்துவிட்டு, அம்மா போர்வைக்கடியிலிருந்து கோப்பையை எடுத்து நீட்டினாள். வெளியே அதே ஆழ்ந்த நீலம். உள்ளே, தண்ணீர் நிற்கும் அளவு வரை கோடு கிழித்ததுபோல வெளுத்திருந்தது.

"இது எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"கொஞ்ச நாளாவே வெளுத்துட்டுத்தான் வருது."

"ஏம்மா சொல்லல? எல்லாத்துக்கும் குறை சொல்லுவியே, இதைச் சொல்றதுக்கு என்ன?"

அம்மா போர்வை நுனியை மடித்தாள், பிரித்தாள். "வாழ்க்கையில ஒரு தடவை நல்லாயிருக்குன்னு சொன்னேன். உன் முகம் எப்படி மலர்ந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். திரும்ப வந்து சாயம் போகுதுன்னு எப்படிச் சொல்றது?"

மகள் கோப்பையை ஒரு துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். பிறகு அண்ணனும் அவளுமாக அம்மாவை ஆளுக்கொரு பக்கம் தாங்கி வண்டியில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கோப்பையைத் திருப்பிப் பார்த்தார், கேள்விமேல் கேள்வி கேட்டார், ரத்தம் எடுக்கச் சொன்னார். அம்மாவின் நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். "முடிவு வந்தாத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அண்ணன் மருந்து வாங்கப் போனான்.

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தது. விரிப்பில் பழைய கறை இருந்தது. நர்ஸ் ஊசியை இரண்டு முறை தப்பாகக் குத்தியிருந்தாள். அம்மா எதையும் பற்றி வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் மகளை எல்லாவற்றையும்விட அதிகமாக மிரட்டியது.

"தலையணை சரியா இருக்காம்மா?"

"நல்லாயிருக்கு."

அவள் தலையணையை அழுத்திப் பார்த்தாள். கட்டை மாதிரி இருந்தது.

"பொய் சொல்லாதேம்மா," என்றாள். "இனிமே என்கிட்ட எதையும் நல்லாயிருக்குன்னு சொல்லாதே."

அம்மா மெல்ல முகத்தைத் திருப்பி, மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கழுத்து வலிக்குதுடி," என்றாள். "இதையெல்லாம் ஒரு தலையணைன்னு வச்சிருக்காங்க பாரு. போய் வேற வாங்கிட்டு வா."

அவள் எழுந்து ஓடினாள்.