வௌவாலுக்கு முதலிடம்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் தராசு. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் காதில் விழுந்திருக்கிறது. விழுந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது என்றே சொல்ல வேண்டும்.

சுற்றுச்சூழல் அமைச்சகத்தில், வெளிநாட்டு நிதிக்குத் திட்டம் தேர்ந்தெடுக்கும் குழுவின் செயலாளர் அவள். பல நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் அந்தப் பொது நிதி நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் கதவைத் திறக்கும். எங்களுக்கு எல்லாவற்றையும்விட இதுதான் அவசரம் என்று ஒவ்வொரு நாடும் ஒரே ஒரு திட்டத்தைச் சொல்லலாம். சொன்னது நடக்கும். சொல்லாதது இன்னொரு நான்கு வருடம் வாசலில் நிற்கும். எல்லாத் துறைக்காரர்களும் ஒருவர் காலை ஒருவர் வாரிவிடும் அந்த இடத்தில் தராசு என்று பெயரெடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

இந்த முறை வாசலில் நின்றவை ஐந்து. கடலோரச் சதுப்புக்காடு மீன்வளத்துறையுடையது. கரை உடைந்த ஆறு நீர்வளத்துறையுடையது. மொட்டையாகிப்போன மலை வனத்துறையுடையது. நகரத்தின் கிழக்கு ஓரத்தில் அணையாமல் புகைந்துகொண்டிருக்கும் குப்பை மேடு மாநகராட்சியுடையது. ஐந்தாவது, ஒரு வௌவால் குகை. அதற்குத் துறை கிடையாது. விலங்கியல் பேராசிரியர் ஒருவர் தாமாகவே எழுதி அனுப்பியிருந்தார்.

குப்பை மேட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவளுடைய அக்கா வீடு.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் அங்கே போயிருந்தாள். நல்ல வெயில். ஆனாலும் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்திருந்தார்கள். துவைத்த துணியெல்லாம் சாப்பாட்டு மேஜை நாற்காலிகளின் முதுகில் காய்ந்தது. அத்தான் குழல்விளக்கு வெளிச்சத்தில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கறுப்புப் பேன்ட்டைத் தைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணி வாங்குவதை அவர் விட்டு வெகுகாலமாகிறது. தைத்து முடிப்பதற்குள் அது சாம்பல் நிறமாகிவிடுகிறது. வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார்.

"வாம்மா. சீக்கிரம் கதவச் சாத்து. உன்கூடவே இன்னொரு விருந்தாளியும் உள்ள வந்துரும்" என்றார்.

சமையலறையிலிருந்து மூச்சுச் சத்தம் முதலில் வந்தது. அக்கா பின்னால் வந்தாள்.

"என்னடி, உங்க பரீட்சை என்னிக்கு?"

"புதன்கிழமை."

"எங்க மேடு பாஸாகுமா?"

"அக்கா, அத என்கிட்ட கேக்கக் கூடாது."

"உன்கிட்ட கேக்காம? மேட்டுக்கிட்டயே போய்க் கேக்கவா?"

"விடும்மா அவள" என்றார் அத்தான், ஊசியில் நூல் கோத்தபடி. "ஆபீஸ் விஷயம். நேர்மையான பொண்ணு."

"நேர்மையா இருக்கட்டும், யாரு வேணாம்னா? நேர்மையா பாத்தாலும் எங்க மேடுதானே முதல்ல வரணும்?" கேட்டுவிட்டு அக்கா இருமினாள். இருமல் முடிகிறவரை மற்ற இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதுதான் சிக்கல். நேர்மையாகப் பார்த்தாலும் குப்பை மேடுதான் முதலில் வந்தது. ஐந்து திட்டத்தையும் அவள் வரிவரியாகப் படித்திருந்தாள். அந்தப் புகையைச் சுவாசிக்கிறவர்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட மற்ற நான்கும் வரவில்லை. ஆனால் அப்படி நினைப்பது தன் புத்தியா, அக்காவின் இருமலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தட்டின் மேல் யாரோ ஒரு விரலை வைத்து அழுத்துகிறார்கள். குனிந்து பார்த்தால் தன் விரலாகவே இருக்குமோ என்று பயமாக இருந்தது.

குழுவுக்கு ஒரு விதி உண்டு. ஒரு திட்டத்தால் உறுப்பினருக்கோ உறவினருக்கோ ஆதாயம் என்றால், மதிப்பெண் போடுமுன் அதைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும். சொல்லலாம்தான். சொன்னால் அக்காவின் நுரையீரல் கூட்ட மேஜையில் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். 'ஓஹோ, தராசுக்கும் ஒரு பக்கம் உண்டா' என்று யாராவது சிரிப்பார்கள். பேருந்தில் திரும்பும்போது அவளுக்கு வேறொரு வழி தோன்றியது. ஆதாயம் தேடுகிறவள்தானே சொல்ல வேண்டும்? குப்பை மேட்டை அவளே கீழே தள்ளிவிட்டால் சொல்ல என்ன இருக்கிறது? அந்த யோசனை வந்ததும் குளித்துத் தலை துவட்டியது போல் இருந்தது. அந்தச் சுத்தத்துக்கு விலை கொடுப்பது யாருடைய மூச்சு என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. அல்லது யோசிக்க ஆரம்பித்தபோது இறங்கும் இடம் வந்துவிட்டது.

புதன்கிழமை கூட்ட அறையில் ஏசி லாரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. தலைவர், அமைச்சகத்தின் முதன்மை அதிகாரி, காதுக்குப் பின்னால் கைவைத்தே எல்லாவற்றையும் கேட்டார். பேராசிரியரை முதலில் பேசவிட்டார்கள். வௌவாலை அவர் ஒருமையில் சொல்லவே இல்லை. "அவங்க ராத்திரியில எவ்வளவு பூச்சிய சாப்பிடுறாங்க தெரியுமா?" என்றார். மீன்வள இயக்குநர் வாயைப் பொத்திக்கொண்டார். பேசி முடித்ததும் பேராசிரியர் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு வெளியே தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தார்.

பிறகு சீட்டு. நான்கு துறைக்காரர்கள், தலைவர், அவள் என ஆறு பேரும் ஐந்து திட்டத்தையும் ஒன்று முதல் ஐந்து வரை வரிசைப்படுத்தி, பெயர் எழுதாமல், மடித்துப் பெட்டியில் போட வேண்டும். முதலிடத்துக்கு ஐந்து மதிப்பெண், கடைசி இடத்துக்கு ஒன்று. இதில் எழுதாத மரியாதை ஒன்று உண்டு: சொந்தத் துறைத் திட்டத்துக்கு யாரும் முதலிடம் போட மாட்டார்கள். இரண்டாமிடம் போட்டுவிட்டு, மற்றவர்கள் தூக்கிவிடுவார்கள் என்று காத்திருப்பார்கள். பெரிய மனிதர்கள் பந்தியில் முதலில் உட்காராத மாதிரி.

அவள் குப்பை மேட்டுக்கு மூன்றாமிடம் போட்டாள். மடித்துப் பெட்டியில் போட்டாள்.

தலைவர் சீட்டைப் பிரித்து வாசிக்க, அவள் பலகையில் எழுதினாள்.

"முதலிடம், வௌவால்."

யாரோ செருமினார்கள்.

"அடுத்தது... இதுலயும் வௌவால்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மறுபடியும் வௌவால். என்னய்யா இது, குகைக்குள்ள கைய விட்ட மாதிரி வந்துக்கிட்டே இருக்கு?"

வனத்துறைக்காரர் வாய்தவறிச் சொல்லிவிட்டார்: "நான் ஒருத்தன்தான் போட்டேன்னுல்ல நெனச்சேன்!"

அதற்குப் பிறகு ஒளிக்க ஒன்றுமில்லை. முதலிடத்தைத் தனக்குப் போட்டுக்கொள்ள முடியாது. போட்டியாளனுக்குப் போட மனமில்லை. பாம்பும் சாக வேண்டும், கம்பும் முறியக்கூடாது. அப்போது நான்கு துறைக்காரர்களின் கண்ணிலும் பட்டது யாருக்கும் ஆபத்தில்லாத அந்த வௌவால்தான். ஆளுக்கொரு முதலிடத்தைக் குகைக்குள் பத்திரமாக ஒளித்து வைத்திருந்தார்கள்.

கூட்டிப் பார்த்தபோது வௌவால் குகை முதலில் நின்றது. குப்பை மேடு ஒரே ஒரு மதிப்பெண் பின்னால்.

அவள் மார்க்கரை மூடவில்லை. மனசுக்குப் பட்டபடி அவள் முதலிடம் போட்டிருந்தால் மேடு முந்தியிருக்கும். பலகையில் தன் கையெழுத்திலேயே அது இருந்தது.

"இப்படியே அனுப்பினா நாடு சிரிக்கும் சார்" என்றார் மாநகராட்சி அதிகாரி.

"நாடு எதுக்கு? அனுப்புற இடத்துலயே சிரிப்பாங்க" என்றார் மீன்வள இயக்குநர். "இன்னொரு தடவ போட்டுடலாம்."

தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "வாசிச்ச மார்க்க மாத்த முடியாது. ஒரே ஒரு வழி இருக்கு. சொந்த ஆதாயத்தச் சொல்லாம யாராவது மார்க் போட்டிருந்தா, மொத்தச் சுத்துமே செல்லாது." நிமிர்ந்து பார்த்து வேடிக்கையாகக் கேட்டார்: "அப்படி நம்மள்ல புண்ணியவான் யாராவது இருக்கீங்களா? வௌவாலுக்குச் சொந்தக்காரங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். ஏசி உறுமியது.

பேசாமல் இருந்தால் அவள் தராசாகவே இருப்பாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. குகையும் கெட்ட காரியமில்லை. வௌவால்கள் யாருக்கும் ஒரு பாவமும் செய்யவில்லை. நான்கு வருடம் போனால் அடுத்த முறை மேட்டைப் பார்த்துக்கொள்ளலாம். நான்கு வருடம் என்ற சொல்லை இத்தனை நாளாக எத்தனையோ பேரிடம் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது அது அக்காவின் சமையலறையிலிருந்து கூடம் வரையிலான தூரமாகத் தெரிந்தது. மூச்சு முதலில் வரும். பிறகு அக்கா வருவாள். வருவாளா?

"நான் இருக்கேன் சார்" என்றாள்.

"என்னது?"

"என் அக்கா வீடு குப்பை மேட்டுக்குப் பக்கத்துல. அவளுக்கு மூச்சுக் கோளாறு. முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல."

எல்லோரும் திடுக்கிடுவார்கள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள் போலும். யார் முகத்திலும் அது இல்லை. ஒரு நிம்மதிதான் இருந்தது. இத்தனை வருடமாக அவள் முன்னால் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள்.

"அட, இதுக்கா இவ்வளவு தயக்கம்?" என்றார் மீன்வள இயக்குநர். "நீங்களும் எங்கள மாதிரிதானா!"

"நான் அதுக்கு மூணாவது இடம்தான் போட்டேன்."

"புரியுது மேடம், புரியுது" என்றார் வனத்துறைக்காரர். வாயோரம் சர்க்கரை ஒட்டியிருக்க, நான் எடுக்கவே இல்லை என்று சொல்லும் குழந்தையிடம் பேசும் குரல் அது. சீட்டில் பெயர் கிடையாது. நிரூபிக்க வழி கிடையாது. தலைவர் அதற்குள் சீட்டுகளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டார்.

அவள் வெளியே வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்தாள். பேராசிரியர் அவசரமாகப் பையை மடியில் எடுத்து வைத்து இடம் கொடுத்தார்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"இல்ல சார். மறுபடியும் போடறாங்க."

"சும்மா கேக்கறேன். நம்மவங்களுக்கு ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சு சார். முதலிடமே போட்டிருந்தாங்க."

"அப்படியா!" அவர் முகம் மலர்ந்தது. "ஒருத்தராவது போட்டாங்களா! போதும்மா. வீட்டுல போய்ச் சொல்லணும்."

எத்தனை பேர், எதற்காக என்று அவள் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தன் பெயர் அதில் வருகிறதா என்று, எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி காதைத் தீட்டிக் கேட்டாள். ஒன்றும் புரியவில்லை.

கதவு திறந்தது. குப்பை மேடு முதலிடம். ஒருவர்கூட வேறு எதற்கும் முதலிடம் போடவில்லை. மீன்வள இயக்குநர் வெளியே வந்து குரலைத் தாழ்த்தினார்: "உங்களுக்காகத்தான் மேடம். முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்தக் கூத்தே இல்ல. நமக்குள்ள என்ன? அடுத்த தடவ எங்க சதுப்புக்காட்ட மட்டும் மறந்துடாதீங்க."

சரியான திட்டம் போய்ச் சேர்ந்துவிட்டது. புள்ளிவிவரத்துக்காக யாரும் அதற்கு மார்க் போடவில்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்து அவள் வெகுநேரம் பார்த்தாள். எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல முடியவில்லை.

அடுத்த ஞாயிறு போனபோது அக்கா வீட்டில் பக்கத்து வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "இதோ வந்துட்டா. இவதான். என் தங்கச்சிதான் செஞ்சு குடுத்தா" என்று அக்கா மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"நான் ஒண்ணும் செய்யலக்கா. குழுவுல முடிவு பண்ணினாங்க."

"பாத்தீங்களா, வாயத் திறந்து ஒத்துக்க மாட்டா. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், அழுத்தக்காரி."

பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். மீன்வள இயக்குநரின் சிரிப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதில் அன்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அவள் மறுபடியும் மறுக்க வாயெடுத்தாள். யாரோ கதவைத் திறந்து மூடியதில் புகை ஒரு கை அளவு உள்ளே வந்து தொண்டையில் உட்கார்ந்தது. இருமினாள். மறுக்க நினைத்தது இருமலோடு போயிற்று.

அத்தான் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். "மேட்ட மூடி முடிச்ச அன்னிக்கு வெள்ளைத் துணியில கைவைக்கப் போறேன். மொத உருப்படி உனக்குத்தான். தோள் அளவு குடு."

அவள் எழுந்து நின்று தோளைக் காட்டினாள்.

"வெள்ளை வேணாம் அத்தான்" என்றாள். "வேற ஏதாவது நிறத்துல தைங்க."

"ஏம்மா, அப்ப அழுக்குப் படாதே?"

"பரவாயில்ல. எனக்குப் பழுப்பு போதும்."

அவர் ஒன்றும் விளங்காமல் அக்காவைப் பார்த்துவிட்டு, தோளில் நாடாவை வைத்து அளந்தார்.