ஆறடி வழி

டெல்ரோஸ் பின்னக் சாரத்தின் மேல்பலகையில் குந்தி, தன் அம்மாவின் கீழுதட்டை வரைந்துகொண்டிருந்தாள். முகம் மட்டுமே பத்தடி உயரம். உதட்டுக்கே அரை டப்பா பழுப்பு வண்ணம் தீர்ந்துவிட்டது. காலை ஒன்பது மணிதான், அதற்குள் வெயில் சுவரில் பட்டு அவள் முகத்தில் அனலாக அடித்தது.

"என் வாய அவ்வளவு பெருசாப் போடாதடி. ஏற்கெனவே ஊர்ல வாயாடின்னு பேரு" என்று கீழேயிருந்து ஐசில்டா கத்தினாள். இடுப்பில் மீன் தட்டு, அதில் நாலைந்து சங்கரா மீன்கள்.

"உன் வாய் முழுசா வரணும்னா இன்னும் அம்பதடி சுவர் வேணும்" என்றார் ஸ்ப்ராட். படகின் மோட்டாரைத் தோளில் வைத்தபடி கரையிலிருந்து வந்துகொண்டிருந்தார். ராத்திரி படகிலேயே விட்டால் திருட்டுப் போய்விடும் என்று கரையேறியதும் மோட்டாரை வீட்டுக்குத் தூக்கிப் போவது அங்கே எல்லாருக்கும் வழக்கம். அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஊரில் யாருக்கும் அவருடைய நிஜப்பெயர் தெரியாது.

சுவரின் நீளம் நூற்றிருபது அடி. சாலைக்கும் கடலுக்கும் நடுவில் புது ஹோட்டல்காரர்கள் எழுப்பியது. சரியாக நடுவில் ஆறடி அகலத்துக்குத் திறப்பு விட்டிருந்தார்கள். படகுக்காரர்கள் கரைக்குப் போக அது ஒன்றுதான் வழி. இந்த ஓவிய வேலைக்கு ஹோட்டல் ஆள் அழைக்க வந்தபோது டெல்ரோஸ் முதலில் விசாரித்ததும் அதைத்தான். மேலாளர் வாட்டிஸ் மேசையில் வரைபடத்தை விரித்து, பேனா முனையால் தொட்டுக் காட்டினார்.

"இது இப்படியேதான் இருக்கும், மிஸ் பின்னக். உங்க ஜனங்களக் கொண்டாடறதுக்குத்தான இந்த ஓவியமே."

அந்தக் கரையில்தான் அவள் வளர்ந்தாள். அம்மா மீன் செதிள் சுரண்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, படகுக்குப் பூசி மிஞ்சிய வண்ணத்தில் பலகைத் துண்டுகளில் கிறுக்கத் தொடங்கியவள். பதின்மூன்று வயதில் படகுகளுக்குப் பெயர் எழுதிக் கொடுத்தாள். 'கண்ணு போடாதே', 'போனவன் வருவான்', 'மாமியார் தயவு'. அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் பாதிரியார் அவளைத் தலைநகர் கிங்ஸ்டனில் ஓவியக் கல்லூரிக்கு அனுப்பினார். இப்போது அவள் படங்கள் வெளிநாட்டுக் கூடங்களில் தொங்குகின்றன. ஆனாலும் சொந்த ஊரில் ஒரு சுவர் அவளுக்குக் கிடைத்தது இப்போதுதான்.

படகு படகாகப் போய் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டிருந்தாள். "உங்க மூஞ்சிய வரையட்டுமா? வழி அப்படியே இருக்கும். நானே வரைபடத்தப் பாத்துட்டேன்." அவள் சொன்னதால்தான் சம்மதித்தார்கள். பதினோரு முகங்கள். அம்மா, ஸ்ப்ராட், வலை பின்னும் இரட்டையர், ஐஸ் உடைக்கும் மெர்லீன்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை வந்தபோது திறப்பு இல்லை. சிமென்ட் கல் அடுக்கி, பூச்சும் முடிந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். ஈரம் உள்ளங்கையில் ஒட்டியது. இரண்டு கொத்தனார்கள் குழாயடியில் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாட்டிஸ் தானே நடந்து வந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

"விருந்தாளிங்களோட பாதுகாப்பு விஷயம். மேலிடத்து முடிவு. ரெண்டு நாள்ல காஞ்சிடும். இந்தப் பக்கம் வரைஞ்ச படகை அப்படியே நீட்டி அந்தப் பக்கத்தோட சேத்துடுங்க. இன்னும் அழகா இருக்கும்."

"வழி இருக்கும்னு சொன்னீங்களே?"

"ஓடை கடல்ல சேர்ற பக்கம் இருக்கே வழி."

"அது வழியா? பாறை சார் அது. மோட்டாரத் தூக்கிட்டு எப்படிப் போவாங்க?"

"மிஸ் பின்னக், நீங்க கலைஞர். சுவத்துக்கு இந்தப் பக்கம் உங்க வேலை. அந்தப் பக்கம் எங்க வேலை."

"அந்த வரைபடம்?"

"வரைபடம் மாறும்."

அவள் தூரிகைகளை வாளியில் போட்டுவிட்டு இறங்கிப் போனாள். உள்ளாட்சி அலுவலகத்தில் கடற்கரை வழி தங்கள் பொறுப்பில்லை என்றார்கள். பொறுப்பான அலுவலகத்தில், கடிதம் எழுதிக் கொடுங்கள், வரிசைப்படி பார்ப்போம் என்றார்கள். மூன்று நாள் அலைந்தாள். ஹோட்டல் திறப்பு விழா அடுத்த வாரம்.

கரையில் யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மெர்லீன் மட்டும் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தபடி சொன்னாள்: "நல்ல வேலை பண்ணினம்மா. எங்க மூஞ்சிய வாங்கிட்டுப் போய், எங்களையே வெளிய தள்ற சுவத்துல பூசிட்ட. படிச்ச பிள்ளன்னா சும்மாவா!"

 

வெள்ளிக்கிழமை ஸ்ப்ராட் மோட்டாரோடு ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்தார். மோட்டார் தொடைமேல் விழுந்து எலும்பு முறிந்தது. அவரைப் பலகையில் கிடத்தி, பாறை பாறையாகக் கைமாற்றி, சாலைக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரமாயிற்று. திறப்பு இருந்திருந்தால் நாற்பது தப்படி.

மருத்துவமனைக் கட்டிலில் கால் தொங்கவிடப்பட்டுக் கிடந்தவர் அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"என்னம்மா முழிக்கிற? சுவத்துல நான் ரெண்டு கால்லதான நிக்கிறேன்?"

அவள் அவர் கையை ஒருமுறை அழுத்தினாள். பிறகு நேரே வீட்டுக்கு வந்தாள். ஐசில்டா மரவள்ளி அடையைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உன் முகத்த அழிச்சிடட்டுமா?"

ஐசில்டா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "போடறப்பவும் கேட்ட. இப்பவும் கேக்குற. அவனுங்க ஒரு தடவயாவது கேட்டானுங்களா? போய் அழி. மொதல்ல சாப்பிடு."

மறுநாள் விடிந்ததும் டெல்ரோஸ் இரும்புச் சுரண்டியும் கம்பித் தூரிகையும் எடுத்துப்போய்ச் சாரத்தில் ஏறினாள். அம்மாவின் நெற்றியிலிருந்து தொடங்கினாள். வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்து தலைமுடியிலும் புருவத்திலும் ஒட்டியது. கை மரத்துப் போனது, நிறுத்தவில்லை. அம்மாவின் முகம் முழுக்கப் போய், ஸ்ப்ராட்டின் கன்னத்தில் சுரண்டியை வைத்தபோது போலீஸ் வண்டி வந்து நின்றது.

காவல் நிலையத்தில் எழுத்து வேலை பார்த்த காவலர் இளைஞன். ஹோட்டல் வக்கீல் பக்கத்தில், டெல்ரோஸ் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு உட்கார்ந்திருந்தார். சுவரோரப் பெஞ்சில் ஐசில்டா.

"சேதமான பொருள் என்ன?" என்று காவலர் கேட்டார்.

"முகம்" என்றார் வக்கீல். "ஒண்ணு முழுசா. ஒண்ணுல கொஞ்சம்."

"யாரோட முகம்?"

"என்னோடது" என்று பெஞ்சிலிருந்து ஐசில்டா சொன்னாள்.

காவலர் அவளைப் பார்த்தார். பிறகு வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஒப்பந்தத்தின் நான்காவது பக்கத்தைத் திருப்பி ஒரு வரியின் கீழ் விரலை வைத்தார். ஓவியமும் அதிலுள்ள உருவங்களும் நிறுவனத்தின் சொத்து.

காவலர் குனிந்து எழுதினார். 'உரிமையாளர்' என்ற இடத்தில் ஹோட்டலின் பெயர்.

"அப்ப நான் காலையில மூஞ்சி கழுவறதுக்கும் அவங்ககிட்ட சீட்டு வாங்கணுமாப்பா?" என்றாள் ஐசில்டா.

 டெல்ரோஸை ஜாமீனில் விட்டார்கள். சுவருக்கு நூறு கஜத்துக்குள் வரக் கூடாது என்று நிபந்தனை. வழக்கு எப்போது விசாரணைக்கு வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், ஐசில்டா மீன் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையில் வந்தாள். ஓடைப் பாறை தாண்டி வந்ததில் பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது. சாரத்தின் கீழ்ப்பலகையில் ஒரு புது ஓவியன். நகரத்துப் பையில் வண்ணக் குழாய்கள். சுவரில் ஒட்டியிருந்த, பழைய ஓவியத்தின் புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்து அவளுடைய கழுத்தையும் தாடையையும் மறுபடி வரைந்துகொண்டிருந்தான். அடைத்த ஆறடிமேல் நீலக் கடல் ஏற்கெனவே ஓடிவிட்டது.

அவள் நின்றுவிட்டாள்.

ஹோட்டல் காவலுக்கு நின்ற ஓனில் ஓடிவந்தான். அவள் வறுத்துக் கொடுத்த மீனைத் தின்று வளர்ந்தவன். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மிஸ் ஐசில்டா, கோவிச்சுக்காதீங்க. இங்க நிக்கக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. விழாவுக்கு விருந்தாளிங்க பஸ் வர்ற நேரம்."

"ரோட்டுலதானடா நிக்கிறேன்."

"தெரியும், ஆத்தா. என் வேலை போயிடும்."

ஓவியன் திரும்பிப் பார்க்கவில்லை. கண் புகைப்படத்திலேயே இருந்தது.

"யாருப்பா அது? அந்தம்மாவக் கொஞ்சம் தள்ளச் சொல்லு" என்றான். "நிழல் முகத்துல விழுது."

 ஐசில்டா தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு நகர்ந்தாள். சுவரில் வெயில் விழுந்தது. ஓவியன் வேலையைத் தொடர்ந்தான்.