காட்டுமாடு கன்று போட்ட வாரம்

1

இந்தக் கதையை மறுபடி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு பொய். முதல் வரைவில், "ரெண்டு நாள் தாங்கும்" என்ற வசனத்தை ஒரு கிழவர் வாயில் வைத்திருந்தேன். அப்படி ஒரு கிழவரே கிடையாது. சொன்னவன் நான்தான். இருபது வருஷமாக ஆப்பிரிக்காவில், மாடு மேய்க்கிற இந்த மாசாய் சனங்களின் மாட்டுக்கு ஊசி போடுகிறவன்.

2

தொடக்கம், மூன்றாவது முயற்சி: செரங்கெட்டிச் சமவெளியில் மழை பெய்து, கண்ணுக்கெட்டிய வரை பச்சை... (வேண்டாம். காலண்டர் படம் மாதிரி இருக்கிறது.)

நடந்தது இது. பிப்ரவரியில் வைல்ட்பீஸ்ட், எங்கள் வாயில் காட்டுமாடு, கன்று போட ஆரம்பித்தது. முதல் கன்று கண்ணில் பட்ட அன்றே மாட்டை மேட்டுக்கு ஓட்டிவிட வேண்டும். அந்தக் கன்று கிடந்த புல்லில் பசு வாய் வைத்தால் கண் வெளுத்துச் சாகும். என் பெட்டியில் அதற்கு மருந்து இல்லை.*

ரெஸியாத்தோவின் பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று நம்பி பக்கத்துக் குடிசைக்காரர்கள் எல்லாரும் தங்கள் மாட்டோடு மேட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அன்று மத்தியானமே அவளுக்கு வலி கண்டுவிட்டது. புருஷன் மேஷுக்கோவுக்குத் துணை நான் மட்டும்தான். என்னிடம் கேட்டான்:

"மாட்டைப் பாப்பேனா, இவளைப் பாப்பேனாடா?"

குடிசைக்குள்ளிருந்து அவள் கத்தினாள்: "அந்த மாட்டையே கட்டிக்கிட்டு அழு! நானா வேணாங்கிறேன்?"

நான் சொன்னேன்: "காட்டுமாட்டுக் கன்னுங்க ஓடைக்கு அந்தாண்டதானே கெடக்கு. ரெண்டு நாள் தாங்கும்டா."

(* யார் பெட்டியிலும் இல்லை. இது சமாதானம் ஆகாது.)

"நீ இவகூட இரு, மாட்டை நான் ஓட்டிட்டுப் போறேன்" என்று அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லி

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.]

3

மூன்றாம் நாள் பெண் குழந்தை. அதற்குள் காட்டுமாட்டுக் கன்றுகள் ஓடையைத் தாண்டி எங்கள் பக்கப் புல்லுக்கு வந்துவிட்டிருந்தன. நாலாவது வாரம் முதல் பசு மூக்கொழுகி, குருட்டுக் கண்ணோடு நின்றது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் போயின. ஒரு வரைவில் மூன்று பசுவைப் பிழைக்க வைத்துப் பார்த்தேன், வீட்டில் பாலாவது இருக்கட்டும் என்று. பிழைக்கவில்லை. மேஷுக்கோ அருஷா நகரத்துக்குக் காவல் வேலைக்குப் போய்விட்டான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

4

இங்கே பிள்ளைக்குப் பேர் வைக்க ஒரு காளையாவது அறுக்க வேண்டும். காளைக்கு எங்கே போவது? மேட்டிலிருந்து திரும்பி வந்த பக்கத்துக் குடிசைக்காரிகள் பிள்ளையைக் 'காட்டுமாட்டுக் கன்னு' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

நேற்று ரெஸியாத்தோ பிள்ளையை என் மடியில் போட்டாள்.

"அண்ணே, நாலு நாள் முந்திப் பெத்திருந்தா மாடெல்லாம் பொழைச்சிருக்கும், இல்ல?"

"உன்மேல என்னம்மா தப்பு? நான்தான்..."

"அதை நீ எழுதி ஆத்திக்க. அந்தக் கேலிப் பேரு இவளுக்கு ஒட்டுறதுக்குள்ள எனக்கு வேற பேரு வேணும். காளை இல்லாமலே வை. நீ எழுதுறவன்தானே?"

மூன்று பேர் எழுதினேன். மூன்றையும் அடித்தேன். ஒரு மந்தையைச் சாகக் கொடுத்தவன் வைக்கிற பேர் அந்தப் பிள்ளைக்கு வேண்டாம். இதை வாசிக்கிற நீங்களே ஒரு பேர் சொல்லுங்கள். சாயங்காலம் அவள் வருவாள், நான் வாசித்துக் காட்ட வேண்டும்.

அவள் பேர் [                    ]