சம்பந்தி கலக்கிய டீ

ஒரு டீ குடிக்கப் போய் நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் மகன் சுபாஷ் ஒசாகாவில் வேலை பார்க்கிறான். அங்கே கூட வேலை பார்க்கிற அயாகோவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். நாங்கள் சரி என்றுவிட்டோம். பெண்ணின் அம்மா கியோகோதான் பிடி கொடுக்கவில்லை. ஒரே மகள். சுரண்டையில் இருக்கிற நாங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்க்காமல் எப்படித் தருவார்? மகளோடு வந்து, ஐந்தருவிப் பக்கம் வாடகை வீடு எடுத்து, அவர்கள் ஊர் முறைப்படி எங்களை டீக்கு அழைத்தார். டீ முடிந்ததும் பதில் சொல்வதாகப் பேச்சு.

என் வீட்டுக்காரர் தங்கசாமிக்குக் காரிலேயே பாடம் எடுத்தேன். போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ரிட்டயர் ஆனவர். லேசில் கேட்பாரா?

"மண்டி போட்டு உக்காரணும். கிண்ணத்த ரெண்டு கையாலயும் வாங்கணும். கேக்கேளா?"

"ஏட்டி, டீ குடிக்கதுக்கு இம்புட்டு டிரில்லா?"

வெளியே சாரல். உள்ளே பாயில் வரிசையாக மண்டியிட்டோம். முதலில் இவர், அடுத்து நான், அப்புறம் சுபாஷ். கியோகோ அம்மாள் வாயே திறக்காமல் கிண்ணத்தைத் துடைத்தார், பச்சைப் பொடியைப் போட்டார், வெந்நீர் விட்டு நிதானமாகக் குழைத்தார். எனக்குக் கால் மரத்துப்போனது. இவர் சத்தமாகப் பெருமூச்சு விட்டார். இடுப்பில் கிள்ளினேன்.

கிண்ணம் இவர் கைக்கு வந்த பிறகுதான் சுபாஷ் குனிந்து சொல்கிறான்: "எப்பா, எல்லாருக்கும் ஒரே கிண்ணம். கொஞ்சம் குடிச்சிட்டு, விளிம்பத் துடைச்சு அம்மாட்ட குடுங்க. கடைசியா அயாகோவோட அம்மாவும் குடிப்பாங்க."

இதை முன்னாலேயே சொல்லித் தொலைக்க அவனுக்கு என்ன கேடு!

டீக்கடையில்கூட உதடு படாமல் அண்ணாந்து குடிக்கிறவர் இவர். இங்கேயும் அதையே செய்தார். கிண்ணத்தைத் தூக்கி வாயைத் திறந்தார். அது என்ன நம் ஊர் டீயா? தோசைமாவுப் பதத்தில் இருந்தது. இறங்கவே இல்லை. சாய்த்தார், இன்னும் சாய்த்தார். மொத்தமும் மூக்கிலும் மீசையிலும் வெள்ளைச் சட்டையிலும் சொத்தென்று விழுந்தது.

அயாகோ வாயைப் பொத்திக்கொண்டாள். கியோகோ அம்மாள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கல்யாணம் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"பொறவு? சம்பந்தியம்மாவுக்கு என் எச்சியவா குடுக்கச் சொல்லுத? ஒரு மரியாத வேண்டாமா? வேணும்னா அவங்க மொதல்ல குடிச்சிட்டுத் தரட்டும். அவங்க எச்சிய நான் குடிக்கேன்."

சுபாஷ் வேறு வழியில்லாமல் அதை அப்படியே ஜப்பான் பாஷையில் சொன்னான். அந்த அம்மாள் கிண்ணத்தைக் கழுவித் துடைத்தார். மறுபடி குழைத்தார். தான் முதலில் குடித்து, விளிம்பைத் துடைத்து நீட்டினார். இவர் வாய் வைத்தே குடித்தார். அந்த அம்மாள் தலை குனிந்து ஏதோ சொல்ல, சுபாஷ் அழுதேவிட்டான்.

"பொண்ணத் தாரேன்னு சொல்லுதாங்கம்மா!"

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அடுத்து கிண்ணம் எனக்கு வர வேண்டும். இவர் விளிம்பை அழுத்தி அழுத்தித் துடைத்துவிட்டு, "ஏட்டி, உனக்கு வேற டம்ளர் கேக்கட்டா?" என்றார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் வாய் வைத்த டம்ளரைக் கழுவாமல் தொட்டதில்லை இந்த மனுஷன். சம்பந்தி எச்சில் மட்டும் இனித்துவிட்டதாக்கும்! கோபத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கிண்ணத்தைப் பிடுங்கி ஒரு மடக்கு குடித்தேன். வேப்பங்காய்க் கசப்பு. துடைக்காமல் அவரிடமே திருப்பி நீட்டினேன்.

"எம்மா, அடுத்தது நான்" என்றான் சுபாஷ்.

"நீ சும்மா இருல. குடிங்க" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். சம்பந்தி இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தார்.