கேட்கட்டும் என்று இருந்தவள்

அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுக்கப் பொருத்தமானவள் அவள்தான் என்று பரிசோதனை முடிவு வந்த அன்றே, அண்ணி சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுவிட்டாள். "தங்கச்சி கொடுக்கிறா" என்ற செய்தி ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஒரு சித்தி வழியாக அவளிடமே வந்து சேர்ந்தது.

"உனக்குத்தான்மா எவ்வளவு பெரிய மனசு," என்றாள் சித்தி.

பொருந்துகிறது என்பது அவளுக்கும் தெரியும். கொடுக்கிறேன் என்று அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவே இல்லையே.

அவளுக்கு ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. கடையின் பின்பக்கம் வெளிச்சம் குறைந்த சின்ன அறை. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, முகத்துக்கு முன்னால் கருவியை இறக்கி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். பலர் பரீட்சை எழுதுகிற மாதிரி பயப்படுவார்கள். "தப்பு சரின்னு ஒண்ணும் இல்லீங்க. உங்களுக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க" என்பாள்.

இந்த வேலையைத் தேர்ந்தெடுத்ததும் அண்ணன்தான். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அதிலிருந்து அவளுக்கு எந்தப் பள்ளிக்கூடம், என்ன படிப்பு, பார்க்க வந்த மாப்பிள்ளையின் குணம் எப்படி, எல்லாவற்றையும் அவன்தான் விசாரித்தான், அவன்தான் முடிவு செய்தான். "கண் பரிசோதனை படி. மழை வெயில் படாத வேலை," என்றான். படித்தாள். அவன் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்து தொலைத்தது. அதுதான் எரிச்சல்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று இருட்டில் வேலை பார்த்தவன். சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு வாரத்தில் பாதி டயாலிசிஸ் படுக்கையில் போனது. மீதி நாட்களில் கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்து, லிஃப்ட் நின்றுவிட்டது என்று கத்துகிறவர்களுக்குப் போனில் சமாதானம் சொன்னான். முகம் கறுத்துவிட்டது. தங்கையைப் பார்த்தால் கிரிக்கெட் பற்றிப் பேசுவான், விலைவாசி பற்றிப் பேசுவான். அந்த ஒரு விஷயத்தை மட்டும் தொடவே மாட்டான்.

ஆஸ்பத்திரியில் தானம் கொடுப்பவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச ஒரு ஆலோசகர் இருந்தார். நடுவயதுப் பெண்மணி. சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"உங்களுக்கு இதுல விருப்பமா?"

"என் அண்ணன்ங்க."

"அது தெரியும்மா. உங்களுக்கு விருப்பமான்னு கேட்டேன்."

ஆமாம் என்பது வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. இல்லை என்பதும் அப்படியே.

"விருப்பம் இல்லன்னா, நீங்க பொருத்தமானவங்க இல்லன்னு மட்டும் வீட்டுல சொல்லுவோம். காரணத்தைச் சொல்ல மாட்டோம். யோசிச்சிட்டு அடுத்த வாரம் வாங்க."

தப்பிக்க வழி இல்லாதவரை அவளுக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் பயம் வந்துவிட்டது. கணவரிடம் சொன்னாள். "நீ எது செஞ்சாலும் நான் கூட இருக்கேன்," என்றார். நல்ல மனிதர், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடையில் முன்பக்கம் நின்று ஃபிரேம் விற்கிற பெண்ணுக்கு வானொலி என்று பட்டப்பெயர். காலையில் ஷட்டரோடு திறக்கிற வாய், சாயங்காலம் ஷட்டரோடுதான் மூடும். ஆனால் தன்னிடம் சொன்னதை வெளியே விடமாட்டாள். மதிய இடைவேளையில் அவள் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வானொலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. கேட்டு முடித்த வானொலி கைப்பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்தாள். பழைய காலத்துப் படங்கள் போட்ட டாரட் சீட்டுகள்.

"ஜோசியமா? எனக்கு வேண்டாம்டி."

"ஜோசியம் இல்லக்கா. நாளைக்கு என்ன நடக்கும்னு இந்த அட்டைக்கு எப்படித் தெரியும்? நமக்குள்ள கிடக்கிறதை நாமளே பார்க்கிறதுக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். படத்தைப் பாருங்க, மனசுல என்ன வருதோ சொல்லுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"நீயா?"

"சத்தியமா!"

சீட்டுகளைக் கலைத்து மூன்றை எடுக்கச் சொன்னாள். சாப்பாட்டு டப்பாக்களை நகர்த்திவிட்டு மூன்றையும் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி சொன்னாள். முதலாவது, இப்போது எப்படி இருக்கிறேன். நடுவில் உள்ளது, எதைப் பார்க்காமல் இருக்கிறேன். கடைசி, என்ன செய்யலாம்.

முதல் சீட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளிலும் இரண்டு வாள். மார்புக்கு முன்னால் குறுக்கே பிடித்திருந்தாள்.

"பாவம், யாரோ கண்ணைக் கட்டிட்டாங்க," என்றாள் அவள். பிறகு குனிந்து பார்த்தாள். "இல்ல. பக்கத்துல யாருமே இல்லையே. கட்டை அவிழ்க்கணும்னா வாளைக் கீழே வைக்கணும். வைக்க மாட்டேங்கிறா."

வானொலி உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"ஒரு வாள் அண்ணி மேல இருக்கிற கோபம். இன்னொண்ணு என்னன்னு தெரியல."

நடுச் சீட்டைத் திருப்பினாள். பணக்காரன் ஒருவன் ஒரு கையில் தராசோடு நிற்கிறான். மறு கையால் காசு போடுகிறான். கீழே இரண்டு பேர் மண்டியிட்டுக் கை ஏந்துகிறார்கள்.

"இது நான்தான், கொடுக்கிறவ," என்று சட்டென்று சொன்னாள். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அவளுக்குப் படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கொடுப்பவன் முகத்தில் இரக்கம் இல்லை. அளந்து போடுகிறவனின் நிதானம்தான் இருந்தது. கீழே இருக்கிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"எனக்கு இந்தப் படம் பிடிச்சிருக்கு," என்றாள். சொன்னதும் அவளுக்கே திக்கென்றது. டப்பாவின் மூடியை எடுத்து மூடினாள், திறந்தாள். "அவன் கீழே இருக்கிறது எனக்குப் பிடிச்சிருக்குடி. இத்தனை வருஷம் அவன் மேலே நின்னான், நான் கையை நீட்டினேன். இப்ப ஒரு தடவை அவன் என்கிட்ட வந்து கேட்கட்டும்னு இருக்கேன். கேட்கல. அதனாலதான் எனக்கு ஆமான்னு சொல்ல வரல. என்ன பொம்பளை நான்? அவன் அங்க செத்துக்கிட்டிருக்கான்."

கண்ணீர் வந்தது. வானொலி அவள் முதுகில் கையை வைத்தாள். வானொலி அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததைக் கடை கண்டதே இல்லை.

மூன்றாவது சீட்டில் நிலா. அதைப் பார்த்து ஒரு நாயும் ஓநாய் மாதிரி ஒன்றும் குரைத்துக்கொண்டிருந்தன. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எனக்கு ஒண்ணும் தோணல. என்ன செய்யலாம்னா நாய் குலைக்குது. நானும் போய்க் குலைக்கணுமா?"

வானொலிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "போய்க் குலைச்சிட்டு வாங்கக்கா! இங்க உட்கார்ந்து எங்கிட்ட சொன்னதை அங்க போய்ச் சொல்லுங்க!"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். முன்பக்கம் வாடிக்கையாளர் மணியடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் டிவி முன்னால் இருந்தான். அவள் போய் டிவியை அணைத்தாள்.

"அண்ணி, நான் கொடுக்கிறேன்னு எப்ப உங்ககிட்ட சொன்னேன்?"

அண்ணியின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "சொல்லலதான். நீ மாட்டேன்னா சொல்லப்போறே?"

"சொன்னாலும் சொல்லுவேன். ஊரெல்லாம் சொன்னீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"யார் கேட்கிறது? இவர் வாயைத் திறக்க மாட்டார். நான் கேட்டு நீ இல்லைன்னுட்டா? அதுக்கப்புறம் நான் என்ன செய்வேன்? சொல்லிட்டா முடிஞ்சுடும்னு சொல்லிட்டேன்." அண்ணி துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுகையிலும், "தப்புதான், தப்புதான்" என்றாள்.

அவளுக்கு அண்ணி மேல் வைத்திருந்த கோபம் பாதியாகிவிட்டது. அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏன் கேட்கல?"

அண்ணன் தரையைப் பார்த்தான். "கேட்டா உன்னால இல்லைன்னு சொல்ல முடியாது பாப்பா. உனக்கு எல்லாத்தையும் நானே முடிவு பண்ணிட்டேன். இதையும் பண்ணணுமா?"

"பொய். நீ எனக்காகவா கேட்கல?"

அவன் கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "வெட்கமா இருந்துச்சு. உன்கிட்டப் போய் நிக்கணுமேன்னு."

"அதுக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் அவள். "நீ வந்து நிக்கணும், நான் மேலே இருந்து பார்க்கணும்னு. அசிங்கமா இருக்கு, ஆனா அப்படித்தான் இருந்தேன். அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன் நிமிர்ந்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று அவள் நினைத்தாள். அவனோ சிரித்தான், உடம்பு முடியாதவனின் அரைச் சிரிப்பு.

"இவ்வளவுதானே. நின்னுட்டாப் போச்சு," என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கையை அவள் முன்னால் நீட்டினான். "பாப்பா, உன்னோட கிட்னில ஒண்ணு எனக்குக் கொடுப்பியா?"

அவள் அந்தக் கையைப் பிடித்தாள். தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவது, போன் அதிர்கிற மாதிரி அவள் விரலுக்குத் தெரிந்தது. அவன் கையைத் தொட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது என்று நினைத்தாள். மேலே நின்று பார்க்கும்போது வரப்போவதாக அவள் நினைத்திருந்த சந்தோஷம் வரவே இல்லை. அவன் குட்டையாகத் தெரிந்தான். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"உட்காருண்ணா முதல்ல," என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்."

"யோசி. நீ இல்லைன்னாலும் இந்த வீட்டுக்கு வருவியா?"

"வருவேன்."

"அப்ப நிதானமா யோசி."

அந்த வாரம் அவள் ஆலோசகரிடம் போனாள். சிறுநீரகம் கொடுக்க விருப்பம் என்று சொன்னாள். ஏன் இவ்வளவு நாள் சொல்ல முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள். ஆலோசகர் குறுக்கே பேசாமல் கேட்டார். "இந்த அறையில தேவதை மாதிரி பேசுறவங்களைப் பார்த்தாத்தான் எனக்குக் கவலையா இருக்கும்," என்று மட்டும் சொன்னார்.

இன்னும் சில பரிசோதனைகள், கொஞ்சம் காத்திருப்பு. பிறகு ஒருநாள் காலையில் இரண்டு பேரையும் அறுவைக்குக் கொண்டுபோனார்கள். அவள் கண் விழித்தபோது வயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி வலி. மறுநாள் அண்ணி ஓடிவந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு, நர்ஸ் இருக்கிறாரே என்று கூடப் பார்க்காமல், "ஒண்ணுக்குப் போறாரும்மா! பை பையா நிறையுது! டாக்டரே சிரிக்கிறார்!" என்று கூவினாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிக்கச் சிரிக்கத் தையல் இழுத்தது. "அண்ணி, போதும், செத்துருவேன்," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் நடக்கச் சொன்ன பிறகு, முகமூடி போட்டுக்கொண்டு சலைன் பாட்டில் தொங்கும் கம்பத்தைத் தள்ளியபடி அண்ணன் அவள் அறை வாசல் வரை வந்தான். உள்ளே வர அனுமதி இல்லை. கண்கள் மட்டும்தான் தெரிந்தன. வெள்ளை விழி கலங்காமல் தெளிவாக இருந்ததைத் தொழில் பழக்கத்தில் அவள் முதலில் கவனித்தாள்.

"வலிக்குதா?" என்றான்.

"வலிக்குது. உனக்கு?"

"பயங்கரமா," என்றான்.

நர்ஸ் வந்து அவனை அறைக்குத் திரும்பச் சொன்னார். அவன் கம்பத்தைத் திருப்பத் தெரியாமல் வாசலில் இடித்துக்கொண்டு, அதைத் திட்டியபடியே போனான்.