மஞ்சள் துணிக்குப் பின்னால் வந்த நாய்

புரட்டாசி பிறந்துவிட்டால் திருச்சானூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த ஸ்டாண்டில் ஓட்டுகிற ஒரே பெண் கலைவாணி. தாயார் கோயிலிலிருந்து திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு, அங்கிருந்து திரும்பக் கோயிலுக்கு என்று பொழுதெல்லாம் ஓடிக்கொண்டே இருப்பாள். அத்தனை ஓட்டத்துக்கு நடுவிலும் அந்த நாய் அவள் கண்ணில் பட்டது.

செம்பட்டை நிறம். மூஞ்சி மட்டும் அடுப்புக்கரியைப் பூசினாற்போல் கறுப்பு. தெருநாய்கள் டீக்கடையை ஒட்டிப் படுத்துக் கிடக்கும். இது படுக்கவே இல்லை. மஞ்சள் வேட்டியும் மஞ்சள் புடவையுமாக நடைப்பயணக் கூட்டம் எது வந்தாலும் ஓடிப்போய் ஒவ்வொருவர் காலையும் மோந்து பார்க்கும். கடைசி ஆளும் கடந்து போனதும் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பி வந்து, அடுத்த கூட்டத்துக்காக ரோட்டோரம் நிற்கும்.

பக்கத்து ஆட்டோக்காரன் ஹரிபாபு, இது வீதி நாய், விட்டுத்தள்ளு அக்கா என்று தெலுங்கில் சொன்னான். கலைவாணி ஒப்பவில்லை. ஒரு பன்னைப் பிய்த்து அவன் கையில் கொடுத்துக் கூப்பிடச் சொன்னாள். "ரா, இக்கட ரா" என்று அவனும் பலவிதமாகக் கூப்பிட்டுப் பார்த்தான். நாய் பன்னைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, நின்ற இடத்திலேயே நின்றது. கலைவாணி பன்னை வாங்கிக் குனிந்து, "வாடா இங்க. இந்தா, துன்னு," என்றாள். நாய் நேராக வந்து வாயில் வாங்கிக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டது.

அவளும் நாராயணவனம் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண்தான். தமிழில் கூப்பிட்டால்தான் வருகிற நாய், எல்லையோர ஊர் எதிலிருந்தோ நடந்து வந்தவர்களோடு வந்து, நெரிசலில் பிரிந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டுவிட்டது. இதோட வீட்டை நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று ஹரிபாபுவிடம் சொன்னாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

லாட்ஜில் வேலை பார்க்கிற அவள் புருஷன் கிரண்குமார், வீட்டில் நமக்கே இடமில்லை என்று முணுமுணுத்தான். அதற்குள் அவள் பின்வாசலில் பழைய சாக்கை விரித்துவிட்டிருந்தாள்.

அதற்கப்புறம் மஞ்சள் கட்டி வந்த யாரையும் அவள் விசாரிக்காமல் விடவில்லை. ஊத்துக்கோட்டையிலிருந்து வந்த ஒரு அம்மாள், புத்தூரில் தங்களுக்கு முன்னால் போன கூட்டத்தோடு இந்தக் கறுத்த மூஞ்சி நாயும் போனதைப் பார்த்ததாகச் சொன்னாள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவராக வந்த பரணியின் போன் நம்பரும் அவள் கூட வந்தவர்களிடம் இருந்தது.

பரணி கும்மிடிப்பூண்டிக்காரர். நாய் பத்திரமாக இருக்கிறது என்று கேட்டதும் அவர் குரலே மாறிவிட்டது. சத்தியவேட்டுக்கும் நாகலாபுரத்துக்கும் நடுவே ஒரு ஊரில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்களாம். அங்கே வந்து நின்ற இந்த நாய்க்கு ஆளுக்கொரு பிடி சோறு போட்டிருக்கிறார்கள். கிளம்பினால் அதுவும் கிளம்பிவிட்டது. கல்லைக் காட்டி விரட்டியிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் பின்தங்கி மறுபடி வந்து சேர்ந்துகொண்டது. திருச்சானூர்க் கூட்டத்தில்தான் கைநழுவிவிட்டது. யார் வீட்டு நாய் என்று தெரியாது, ஊர்ப்பேரும் ஞாபகமில்லை, ஒரு நீலக்கலர் தண்ணித் தொட்டி இருந்தது என்றார்.

"போதும்ண்ணா. நான் பாத்துக்கறேன்," என்று கலைவாணி போனை வைத்தாள்.

மறுநாள் காலை நாயைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். யாரும் எங்கள் நாய் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வாய் என்று கிரண்குமார் கேட்டான். யாருடைய நாய் என்று நாயே சொல்லும் என்றாள்.

புத்தூர், நாராயணவனம், நாகலாபுரம் எல்லாம் தாண்டுகிறவரை நாய் தூங்கிக்கொண்டு வந்தது. அதன் பிறகுதான் தெரிந்தது, நீலத் தொட்டி ஊருக்கு ஒன்று இருந்தது. இரண்டு மூன்று ஊர்களில் நிறுத்திக் கேட்டும் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினார்கள். அதற்கு மேல் ஆட்களைக் கேட்பதை விட்டுவிட்டு, கண்ணாடியில் நாயைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டினாள். ஒரு சிறுபாலம் தாண்டியதும் நாய் எழுந்து நின்றது. காது விறைத்தது. மூக்கை வெளியே நீட்டி முனகியது. கலைவாணி பிரேக் போடுவதற்குள் குதித்து ஓடியே விட்டது.

ஓடியது நேராக ஒரு வீட்டு முற்றத்துக்குள். கோழிகள் நாலாபக்கமும் சிதறின. கையில் கோலோடு வெளியே வந்த ஆள் நாயைப் பார்த்ததும் கோலை நழுவவிட்டு, வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். பேர் முனிகிருஷ்ணன் என்று பிறகு தெரிந்தது. ஓடிவந்து நின்ற கலைவாணியை, இது எங்கே கிடைத்தது என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

நாய் அவருடையது இல்லை. நாலு வீடு தள்ளியிருக்கிற தாட்சாயணியுடையது. இவர் வீட்டுக் கோழிகளை விரட்டுவதே அதற்கு வேலை. ஒருநாள் கோபத்தில், இந்த நாயை என்றைக்காவது தீர்த்துவிடப் போகிறேன் என்று இவர் கத்தியிருக்கிறார். அதை ஊரே கேட்டது. மறுநாளே நாய் காணாமல் போனது. விஷம் வைத்துக் கொன்று புதைத்துவிட்டான் என்று தாட்சாயணி குழாயடியில் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து டீக்கடையில் இவர் பக்கத்தில் ஆள் உட்காருவதில்லை. இவர் மனைவி தண்ணீருக்குப் பக்கத்து ஊர்க் குழாய்க்குப் போகிறாள்.

"சொன்னது வாஸ்தவம்மா. செய்யல. அத்த ஒருத்தரும் நம்பல," என்றார்.

நானே கொண்டுபோய் ஒப்படைத்து விவரம் சொல்லிவிடுகிறேன் என்றாள் கலைவாணி. அவர் தலையாட்டி மறுத்தார்.

"வேணாம். நாந்தான் இட்டுக்கினு போவணும். எங்க இருந்திச்சின்னு மட்டும் நீ சொல்லு."

துண்டை நாயின் கழுத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்தார். அவசரப்படவே இல்லை. கலைவாணி பக்கத்திலேயே நடந்தாள். வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். யாரோ முனிகிருஷ்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை.

தாட்சாயணி களத்தில் வேர்க்கடலையைக் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். நாய் துண்டை உருவிக்கொண்டு ஓடியது. அவள் கத்தவில்லை. கடலைக்கு நடுவிலேயே உட்கார்ந்து, மடியில் தலையைத் திணித்த நாயின் காதைப் பிடித்துக்கொண்டு, "கருவாயா, எங்கடா போய்க்கினு இருந்த?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நாய் அவள் கை, கழுத்து, புடவைத் தலைப்பு என்று எல்லாவற்றையும் நக்கியது. நெடுநேரம் கழித்துத்தான் நிமிர்ந்து, துண்டும் கையுமாக நிற்கிற முனிகிருஷ்ணனைப் பார்த்தாள்.

கலைவாணி, பரணி கூட்டத்தின் பின்னால் நாய் நடந்து வந்ததையும் திருச்சானூரில் தனித்து நின்றதையும் சுருக்கமாகச் சொன்னாள். கூடியிருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாட்சாயணி எழுந்து புடவையை உதறினாள்.

"அண்ணா, குழாயாண்ட வா."

எதுக்கு, விடு என்றார் அவர்.

"அங்கதான் நின்னு உன்ன பேசினேன். அங்க நின்னுதான் இல்லன்னு சொல்லணும்."

அவள் முன்னால் நடந்தாள். நாய் அவளை ஒட்டி நடந்தது. குழாயடியில் குடங்களோடு பெண்கள் நின்றிருந்தார்கள். தாட்சாயணி அவர்கள் எதிரில் நின்று, முனிகிருஷ்ணன் என் நாயைத் தொடக்கூட இல்லை, நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன், தப்பு என்னுடையது என்று தெருக்கோடிக்குக் கேட்கும்படி சொன்னாள்.

முனிகிருஷ்ணன் அங்கே கிடந்த ஒரு குடத்தை எடுத்துக் குழாயில் வைத்துத் திருகினார். நிறைந்ததும், தூரத்தில் வாசலோரம் நின்றிருந்த தன் மனைவியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவள் வந்து குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

"கோழிக்கு நான் வலை அடிச்சிடறேன்," என்று அவர் தாட்சாயணியிடம் சொன்னார். "நீயும் இத்த கட்டி வையி."

மத்தியானம் கலைவாணியைச் சாப்பிடாமல் யாரும் விடவில்லை. எந்த வீட்டில் என்பதில் இரண்டு வீட்டுக்கும் பெரிய போட்டியே நடந்தது. வெயில் தணியக் கிளம்பியவள், நாகலாபுரத்தில் திருச்சானூர் போகிற மூன்று பேரைப் பார்த்து ஏற்றிக்கொண்டாள். அவர்களுக்கு அந்த ஊரில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே புத்தூர் ரோட்டில் வேகமாகப் போனாள்.